பிடிஎஃப் குறிப்புகள்: ஜூன் 2025

2 ஜூன், திங்கள்

சேர்க்கைக் காலம். 'திறக்கவில்லை' என்று இன்று என்னிடம் வந்த ஃபைல்கள் மூன்று. மூன்றுக்கும் காரணம் வேறு.

முதல் ஃபைல் 14 கேபி. லோகோ, முத்திரை எல்லாம் உள்ள ஆறு பக்க விண்ணப்பம் 14 கேபியில் அடங்காது. சந்தேகம் வந்தால் ஃபைலை நோட்பேடில் இழுத்துப் போட்டு முதல் வரியைப் பார்த்தால் போதும். நிஜமான பிடிஎஃப் என்றால் தொடக்கத்திலேயே ஒரு சதவீதக் குறி, பிடிஎஃப் என்ற மூன்று ஆங்கில எழுத்து, அதை ஒட்டி 1.4 அல்லது 1.7 போல ஓர் எண் இருக்கும். இதில் இருந்தது எச்டிஎம்எல் என்ற சொல், அதாவது வலைப்பக்கம் எழுதும் மொழி. இறங்கியது படிவமே இல்லை. 'லாகின் நேரம் முடிந்துவிட்டது' என்று சொல்லும் வலைப்பக்கம்தான் பிடிஎஃப் என்ற பெயரில் வந்து உட்கார்ந்திருக்கிறது. மறுபடி லாகின் செய்து அதே டேபில் இறக்க வேண்டும். அந்த லிங்க்கை இன்னொருவருக்கு அனுப்பினால் அவருக்கும் இதே பக்கம்தான் இறங்கும்.

இரண்டாவது பாதியில் நின்ற டவுன்லோட். எந்தப் பகுதி எத்தனையாவது பைட்டில் தொடங்குகிறது என்ற அட்டவணையை பிடிஎஃப் வழக்கமாகக் கடைசியில்தான் வைத்திருக்கும். அதனால் 95 சதவீதம் இறங்கியும் 'டேமேஜ்' என்கிறது. நோட்பேடில் கடைசி வரி, இரண்டு சதவீதக் குறியும் இஓஎஃப் என்ற மூன்று எழுத்துமாக முடிய வேண்டும். முடியவில்லை என்றால் ரிப்பேர் தளங்களைத் தேடி அலையாமல் மறுபடி இறக்குவதே மேல். வராத பைட்டை எந்தத் தளமும் உண்டாக்கித் தராது.

மூன்றாவது இ-ஆதார். ஃபைலில் கோளாறு இல்லை, பாஸ்வேர்டில்தான் தடங்கல். பெயரின் முதல் 4 எழுத்து ஆங்கிலப் பெரிய எழுத்தில், அதோடு பிறந்த வருடம் என்பது எல்லோருக்கும் தெரியும். நம்மூரில் சிக்குவது இனிஷியல். கார்டில் 'பி. குமார்' என்று இருந்தால் அந்த நான்கு எழுத்து: பி, புள்ளி, கே, யு. புள்ளியும் கணக்கில் சேரும், இடைவெளி சேராது. பெயரே மூன்றெழுத்து என்றால் அந்த மூன்றும் வருடமும் மட்டும். இ-பான் வேறு கணக்கு: பிறந்த தேதி, மாதம், வருடம், மொத்தம் 8 இலக்கம்.

3 ஜூன், செவ்வாய்

மெயில் இணைப்பை இறக்காமல் அங்கேயே திறந்து திருத்தினால், திருத்துவது ஒரு தற்காலிக நகலை. மூடியதும் அது எங்கே போனது என்று தேடுவதிலேயே அரை மணி நேரம் போகும். முதலில் ஒரு ஃபோல்டரில் சேமி, பிறகு திற. வேர்டில் மேலே மஞ்சள் பட்டை தெரிந்தால் அது இன்னும் படிக்க மட்டும்தான். 'எனேபிள் எடிட்டிங்' கொடுக்காமல் தட்டிக்கொண்டிருந்து பயனில்லை.

5 ஜூன், வியாழன்

தமிழ் பிடிஎஃப்பில் இருந்து நகலெடுத்து ஒட்டினால் ஏன் குப்பையாக வருகிறது என்பதைக் கொஞ்சம் விரித்தே எழுதிவைக்கிறேன். அடிக்கடி வருவது இதுதான்.

பிடிஎஃப் முதலில் ஒரு வரைபடம். இந்த இடத்தில் இந்த வடிவத்தை வை என்ற கட்டளைகளால் ஆனது. அந்த வடிவம் எந்த எழுத்து என்று சொல்லும் அட்டவணை உள்ளே இருந்தால் நகல் சரியாக வரும். இல்லாவிட்டாலும், தவறாக இருந்தாலும், திரையில் அழகாகத் தெரியும், ஒட்டினால் வேறு ஏதோ வரும். குப்பையைப் பார்த்தே வகை சொல்லிவிடலாம்.

அ) வெறும் ஆங்கில எழுத்துகள். 'தமிழ்' என்ற சொல் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று வந்தால் அது பாமினி என்ற பழைய எழுத்துரு. அந்த எழுத்துருவில் 'த' இருப்பது ஜே விசையின் இடத்தில், புள்ளி இருப்பது அரைப்புள்ளியின் இடத்தில். கம்ப்யூட்டருக்கு இது தமிழே அல்ல, வித்தியாசமாக வரைந்த ஆங்கிலம். கொம்பும் தொப்பியும் வைத்த ஐரோப்பிய எழுத்துகளாக வந்தால் டாப், டிஸ்கி போன்ற பழைய 8 பிட் தமிழ்க் குறிமுறைகள். தமிழக அரசு டாம், டாப் முறைகளைத் தரமாக அறிவித்தது 1999இல், எல்லா மொழிக்கும் பொதுவான யூனிகோடுக்கு வந்தது 2010இல். அதற்கு முந்திய ஆவணங்களில் இந்தக் கதை சகஜம், பிந்தியவற்றிலும் இல்லாமல் இல்லை. இதற்கு மருந்து சுலபம். என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற ஒன்றில் மூல முறையைச் சரியாகத் தேர்ந்தெடுத்து யூனிகோடுக்கு மாற்றலாம். இடையில் நிஜ ஆங்கிலச் சொற்கள் இருந்தால் அவையும் தமிழாக மாறித் தொலைக்கும், அவற்றை முன்பே தனியே எடுத்து வைக்க வேண்டும்.

ஆ) எழுத்தெல்லாம் தமிழ்தான், கொம்பு மட்டும் இடம் மாறியிருக்கும். 'கோவில்' என்பது 'ேகாவில்' என்று வரும். யூனிகோடில் முதலில் க, பிறகு ஓகாரக் குறி. பிடிஎஃப்போ கண்ணுக்குத் தெரியும் வரிசையில் கொம்பு, க, கால் என்று வைத்திருக்கிறது. அதனால் 'கோவில்' என்று தேடினால் ஒன்றுமே கிடைக்காது. அவசரத்துக்குக் கொம்பை விட்டுவிட்டு 'காவில்' என்று தேடினால் மாட்டும்.

திருத்த லிப்ரே ஆபீஸ் ரைட்டரில் ஒட்டி, கண்ட்ரோல்+எச், 'ரெகுலர் எக்ஸ்பிரஷன்ஸ்' டிக் செய்து:

தேட: ([ெேை])([க-ஹ])
மாற்ற: $2$1

பிறகு இன்னும் இரண்டு சாதாரண மாற்றம்: ெ, ா என்று அடுத்தடுத்து நிற்பதை ொ ஆகவும், ே, ா என்று நிற்பதை ோ ஆகவும். முதல் மாற்றத்தை ஒரே ஒருமுறைதான் ஓட்ட வேண்டும். இரண்டாம் முறை ஓட்டினால் சரியாகிவிட்ட 'கெட' என்பதில் கொம்பு 'ட'வுக்குத் தாவிவிடும். இன்னொன்று, 'கௌரவம்' இந்த வழியில் 'கெளரவம்' ஆகத்தான் நிற்கும். பார்வைக்குக் கிட்டத்தட்ட ஒன்றே, உள்ளே வேறு. ஔகாரச் சொற்களைக் கையால்தான் பார்க்க வேண்டும்.

இ) கட்டம், கேள்விக்குறி, அல்லது ஒன்றுமே இல்லை. அட்டவணையே கிடையாது. இதில் மல்லுக்கட்டுவது வீண். பக்கத்தைப் படமாகப் பாவித்து ஓசிஆர் (படத்தில் உள்ள எழுத்தைப் படித்தெடுப்பது) செய்ய வேண்டியதுதான். கூகுள் டிரைவில் ஏற்றி, வலது கிளிக்கில் கூகுள் டாக்ஸில் திறந்தால் படித்துத் தரும். ஃபைல் 2 எம்பிக்குள் இருப்பது நல்லது. நிறையப் பக்கம் என்றால் டெசராக்ட் என்ற ஓசிஆர் இன்ஜினைப் பயன்படுத்தும் ஓசிஆர்மைபிடிஎஃப் மென்பொருள், தமிழ் மொழிக் கோப்போடு. அது 'பக்கத்தில் ஏற்கெனவே எழுத்து இருக்கிறது' என்று மறுத்தால் ஃபோர்ஸ் ஓசிஆர் கொடுக்க வேண்டும். பழைய குப்பை அடுக்கைத் தூக்கிவிட்டுப் புதிதாகப் படிக்கும். வந்ததில் ரகரத்தையும் துணைக்காலையும் ஒருமுறை சரிபார்க்காமல் கொடுக்கக் கூடாது.

7 ஜூன், சனி

இரண்டு பக்க ரெஸ்யூமே, இங்கே திறந்தால் மூன்று பக்கம். டைப் செய்த மெஷினில் லதா எழுத்துரு, இந்த மெஷினில் லதா இல்லை, நிர்மலா அந்த இடத்தை நிரப்பியிருக்கிறது. அகலம் வேறு, வரி உயரம் வேறு, பக்கம் வழிந்துவிட்டது. விண்டோஸ் 10இல் லதாவும் விஜயாவும் தானாக வருவதில்லை. செட்டிங்ஸ், ஆப்ஸ், ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ் போய் 'தமிழ் சப்ளிமென்டல் ஃபான்ட்ஸ்' சேர்க்க வேண்டும். அனுப்புகிறவர் பிடிஎஃப்பாக அனுப்பியிருந்தால் இந்த வேலையே இல்லை. அதிலும் எழுத்துரு உள்ளே பொதிந்திருக்க வேண்டும்: அக்ரோபேட் ரீடரில் கண்ட்ரோல்+டி, ஃபான்ட்ஸ் டேப். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் 'எம்பெடட்' என்று இருக்க வேண்டும்.

10 ஜூன், செவ்வாய்

பிரிண்ட் விண்டோவில் 'ஃபிட்', 'ஆக்சுவல் சைஸ்' இரண்டும் ஒன்றில்லை. ஃபிட் கொடுத்தால் பிரிண்டரால் மை வைக்க முடிந்த பரப்புக்குள் பக்கத்தைச் சுருக்கும். சாதாரணக் கடிதத்துக்கு யாரும் கவனிக்கப் போவதில்லை. ஸ்டிக்கர் ஷீட்டுக்கு அது நாசம். 96 சதவீதம் ஆனால் 297 மிமீ உயரம் 285 ஆகிவிடும், கடைசி வரிசை மேலே ஏறிவிடும். சாதாரணத் தாளில் ஆக்சுவல் சைஸில் ஒன்று போட்டு, ஸ்டிக்கர் ஷீட்டின் மேல் வைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் நல்ல ஷீட்டை ஏற்ற வேண்டும்.

லீகல் அளவில் (216 × 356 மிமீ) டைப் செய்ததை ஏ4இல் போட்டால் 83 சதவீதம். 12 பாயின்ட் எழுத்து 10 ஆகும். படிக்கலாம், ஆனால் 'லீகலில் தாக்கல் செய்க' என்று கேட்கும் இடத்தில் செல்லாது.

பேக் டு பேக்: நிமிர்ந்த பக்கத்துக்கு 'லாங் எட்ஜ்', மேல்பக்கம் தூக்கிப் புரட்டும் காலண்டர் மாதிரிக்கு 'ஷார்ட் எட்ஜ்'. மடிக்கிற சிறு புத்தகத்துக்கும் ஷார்ட் எட்ஜ்தான், இதில்தான் பலர் தவறுகிறார்கள். புத்தகத்துக்குப் பக்கம் நான்கின் மடங்காக வேண்டும். 30 பக்கம் இருந்தால் 32 ஆக்கி 8 ஏ4 தாள். அந்த இரண்டு வெற்றுப் பக்கத்தையும் பின்னட்டைக்கு முன்னாலேயே செருகிவிட வேண்டும். இல்லாவிட்டால் மென்பொருள் அவற்றைக் கடைசியில் வைத்துப் பின்னட்டையை உள்ளே தள்ளிவிடும். சரியாக வந்தால் முதல் தாளின் ஒரு புறம் 32உம் 1உம், மறுபுறம் 2உம் 31உம். இந்த ஒரு தாளைப் பார்த்துவிட்டு மீதியை ஓட விடலாம்.

11 ஜூன், புதன்

'500 கேபிக்குள் ஏற்றுக' என்கிறது விண்ணப்பத் தளம். ஏ4ஐ 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) ஸ்கேன் செய்தால் 2480 × 3508 புள்ளிகள். கலரில் சுருக்காத நிலையில் 26 எம்பி, கறுப்பு வெள்ளையில் சுமார் 1 எம்பி. சான்றிதழில் கலர் முத்திரை இல்லையென்றால் கிரேஸ்கேலே (கலர் இல்லாத சாம்பல் சாயல்) போதும், பாதி பிரச்சினை அங்கேயே முடிந்தது. பிடிஎஃப்பைச் சுருக்க உதவும் கோஸ்ட்ஸ்கிரிப்ட் மென்பொருளில் 'இபுக்' 150 டிபிஐ, 'ஸ்கிரீன்' 72. ஸ்கிரீன் பக்கம் போகவே வேண்டாம். 72இல் 12 பாயின்ட் எழுத்துக்கு மொத்த உயரமே 12 புள்ளி. அதில் மெய்யெழுத்தின் புள்ளி ஒரு சாம்பல் துகளாகக் கரைந்து, 'ம்' எது 'ம' எது என்று தெரியாது.

வாட்ஸ்அப்பில் சான்றிதழைப் போட்டோவாக அனுப்பினால் அது தன் போக்கில் சுருக்கும். 'டாக்குமென்ட்' என்று அனுப்பச் சொல்ல வேண்டும்.

14 ஜூன், சனி

இ-ஆதாரின் டிஜிட்டல் கையொப்பத்தில் மஞ்சள் கேள்விக்குறி. போலி என்று பயப்பட வேண்டியதில்லை, கையொப்பமிட்ட சான்றிதழை இந்த ரீடருக்கு இன்னும் அறிமுகப்படுத்தவில்லை, அவ்வளவே. அக்ரோபேட் ரீடரில் கையொப்பத்தில் வலது கிளிக், சிக்னேச்சர் ப்ராபர்டீஸ், ஷோ சைனர்ஸ் சர்டிஃபிகேட், டிரஸ்ட் டேப், ஆட் டு டிரஸ்டட். பிறகு வேலிடேட். பாஸ்வேர்டை நீக்க 'பிரிண்ட் டு பிடிஎஃப்' செய்த நகலில் இது நடக்காது. அந்த நகலில் இருப்பது கையொப்பத்தின் படம் மட்டும்.

எண்ணை மறைக்கக் கறுப்புப் பெட்டி வரைவதும் இதே ரகம். பெட்டி மேலே, எண் கீழே பத்திரமாக இருக்கும். அந்த வரியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டினால் 12 இலக்கமும் வந்து நிற்கும். கடைசி 4 இலக்கம் மட்டும் காட்டும் மாஸ்க்டு ஆதாரையே இறக்கிக் கொடுக்கலாம். வேறு ஆவணம் என்றால் பெட்டி வரைந்து, பக்கத்தைப் படமாக்கி, அந்தப் படத்தை பிடிஎஃப் ஆக்க வேண்டும்.

16 ஜூன், திங்கள்

திரையில் சரி, தாளில் மட்டும் குறிகளும் கட்டங்களும். பிரிண்டர் டிரைவர் எழுத்துருவை மொழிபெயர்க்கும்போது சொதப்புகிறது. பிரிண்ட் விண்டோவில் அட்வான்ஸ்டு, 'பிரிண்ட் ஆஸ் இமேஜ்', 300 டிபிஐ. மெதுவாக வரும், சரியாக வரும்.

எதுவுமே வராமல் வரிசையில் தொங்கினால்: விண்டோஸ் சர்வீசஸில் அச்சு வரிசையை நடத்தும் 'பிரிண்ட் ஸ்பூலர்' நிறுத்தி, விண்டோஸ் ஃபோல்டரில் சிஸ்டம்32, ஸ்பூல், பிரிண்டர்ஸ் உள்ளே இருக்கும் ஃபைல்களை மட்டும் அழித்து (ஃபோல்டரை அல்ல), ஸ்பூலரை மறுபடி ஓட விட வேண்டும். அழிக்காமல் பிரிண்டரை மட்டும் அணைத்துப் போட்டால், பொறுமையிழந்து நான்கு முறை அழுத்திய நான்கு பிரதியும் வரிசையாக வெளியே வரும்.