கரைக்கு மே, தண்ணீருக்கு மார்கழி

மே 4

காலை ஏழு மணிக்கு நிழலில் 16 டிகிரி. கரைப்பாறையிலிருந்து கயிற்றில் இறக்கிய வெப்பமானி, தண்ணீருக்கு அரை மீட்டர் கீழே, 8 காட்டுகிறது. ஏரிக்கரையில் மே மாதத்தை நடத்துவது இந்த இரண்டாவது எண்தான். பனி உருகியதும் ஏரி முழுக்க ஏறத்தாழ 4 டிகிரிக்கு வந்து மேலும் கீழும் கலக்கும். தண்ணீர் அதிகக் கனமாக இருப்பது அந்த 4 டிகிரியில். அப்புறம் வெயில் ஏற ஏற மேல்நீர் இலேசாகி மேலேயே தங்கிவிடும். கையை நனைத்துப் பார்ப்பவருக்கு ஏரி சூடேறிவிட்டது போலத் தோன்றும். ஓர் ஆள் ஆழத்தில் இன்னும் குளிர்காலம்.

இன்றைய வேலை, ஏரியிலிருந்து வீட்டுக்குத் தண்ணீர் இழுக்கும் பம்பு. குளிருக்கு முன் வடித்து வைத்ததால் உள்ளே இருப்பது காற்று மட்டும். முதலில் வடிகால் ப்ளக்குகள். டெஃப்லான் டேப்பை மரை போகும் திசையிலேயே மூன்று நான்கு சுற்று சுற்ற வேண்டும். எதிர்த்திசையில் சுற்றினால் முடுக்கும்போதே சுருண்டு வெளியே வந்துவிடும். பிறகு மேல் ப்ளக்கைக் கழற்றி, வாளித் தண்ணீரை நிதானமாக ஊற்றணும். குமிழி அடங்கி, தண்ணீர் வாய்வரை வந்து அசையாமல் நின்றால் சரி. ஊற்ற ஊற்ற இறங்கிக்கொண்டே போனால் ஏரிக்குள், உறிஞ்சு குழாயின் நுனியில் இருக்கும் ஃபுட் வால்வு (தண்ணீரைத் திரும்பிப் போக விடாத ஒருவழி அடைப்பான்) மூடவில்லை; பெரும்பாலும் ஒரு சருகோ மணலோ இடுக்கியிருக்கும். 'ஓடவிட்டால் தானே இழுத்துக்கொள்ளும்' என்று வெறும் பம்பை ஓட்டுவதுதான் சீல் கருகும் வழி.

தண்ணீர் விட்டுவிட்டு, துப்பித் துப்பி வருகிறதா? உறிஞ்சு குழாயில் எங்கோ காற்று புகுகிறது. அந்தப் பக்கம் ஓட்டை இருந்தாலும் ஓடும்போது சொட்டாது, காற்றைத்தான் இழுக்கும். அதனால் கண்ணுக்குப் படாது. இணைப்புகள் மேல் ஷேவிங் நுரையைத் தடவிப் பாருங்கள். நுரை எங்கே குழிந்து உள்ளே போகிறதோ, அங்கேதான் குற்றம்.

பிரஷர் டேங்கின் காற்றை, மின்சாரத்தை அணைத்து, குழாயைத் திறந்து தண்ணீர் முழுக்க வடிந்த பிறகுதான் அளக்க வேண்டும். பம்பு 30-இல் தொடங்கி 50-இல் நிற்கும் அமைப்பென்றால் காற்று 28 பிஎஸ்ஐ (மூன்றும் அழுத்த அளவுதான்). தண்ணீரோடு அளந்த கணக்கு பொய்க் கணக்கு.

மே 5

குழாயில் வருவது ஏரித் தண்ணீர். தெளிவாக இருக்கிறது என்பதற்காகக் குடிக்கவோ பல் தேய்க்கவோ கூடாது. 5 மைக்ரான் வடிகட்டி முதலில், புறஊதா விளக்கு அதற்குப் பிறகு. கலங்கல் இருந்தால் அதன் நிழலில் கிருமி தப்பிவிடும். விளக்கை ஆண்டுக்கு ஒருமுறை மாற்றணும். அது எரிந்துகொண்டுதான் இருக்கும், ஆனால் கொல்லும் வலு குறைந்திருக்கும்.

மே 11

படகுத்துறையை இறக்கும் நாள். அறுபத்தைந்து வயதில் நெஞ்சளவு குளிர்நீரில் நின்று 40 கிலோ பலகைத்துண்டைத் தூக்குவது வீரமல்ல, முதுகுக்கு வைக்கும் வேட்டு. சக்கரம் பூட்டிய சட்டத்தில் உருட்டி இறக்குங்கள், அல்லது இளவட்டங்கள் வரும்வரை காத்திருங்கள்.

மிதவைக்குப் பீப்பாய் போடுபவர்கள் கணக்கில் கோட்டை விடுவது வழக்கம். 200 லிட்டர் பீப்பாய் முழுக்க அமிழ்ந்தால் ஏறத்தாழ 200 கிலோ தாங்கும், அதிலும் பீப்பாயின் எடை கழியும். பாதி அமிழும் அளவுக்கே பாரம் வைக்கணும். ஆக ஒன்றுக்கு 90 கிலோ. நான்கு பீப்பாய்க்கு 360. அதில் சட்டமும் பலகையும் பாதியைத் தின்றுவிடும், ஈரம் ஊறிய மரம் இன்னும் கூடுதலாக. மீதிதான் மனிதர்களுக்கு. நான்கு பேர் ஒரே ஓரத்தில் நின்று மீன் பார்த்தால் அந்தக் கணக்கும் செல்லாது.

கால் ஊன்றிய துறையென்றால் கரைத்துண்டிலிருந்து தொடங்கி, ஒவ்வொன்றுக்கும் ரசமட்டம் வைத்து முடுக்கணும். நுனி ஏணியில் குறைந்தது மூன்று படி தண்ணீருக்குள் இருக்கட்டும். ஏன் என்பது மே 17-இல்.

மே 17

காற்று 27, தண்ணீர் 12. ஆண்டிலேயே ஏமாற்றுகிற நாள் இது. கரையில் பனியனோடு வேர்க்கிறது, படகில் லைஃப் ஜாக்கெட் உறுத்துகிறது, கழற்றிக் காலடியில் வைத்துவிடுகிறார்கள்.

இந்தக் குளிரில் விழுந்தால் 1-10-1 என்று மனதில் இருக்கட்டும். முதல் 1 நிமிடம் மூச்சு தானாகத் திணறும், தலை அமிழ்ந்திருந்தால் தண்ணீரைத்தான் இழுக்கும். பதறாமல் மூச்சை நிதானத்துக்குக் கொண்டுவரணும். அடுத்த 10 நிமிடம்தான் கைகால் சொன்னபடி கேட்கும். ஏணி, கயிறு, கவிழ்ந்த படகு, எதையாவது பற்ற வேண்டியது அதற்குள். உடல் குளிர்ந்து நினைவு தப்ப ஏறக்குறைய 1 மணி நேரம் ஆகும். அதாவது பெரும்பாலோரைக் கொல்வது விறைப்பல்ல, அதற்கு முன்பே வரும் திணறலும் தளர்ச்சியும். காலடியில் கிடக்கும் ஜாக்கெட்டை அந்த விரல்களால் மாட்ட முடியாது. இரத்த அழுத்தமோ இதயத் துடிப்பில் கோளாறோ உள்ளவர்களுக்கு முதல் நிமிடமே போதும்.

வெளியே எடுத்தவரைப் படுக்க வையுங்கள், நடக்க விடாதீர்கள். ஈரத்துணியை வெட்டி எடுத்து, உலர்ந்த போர்வையால் நெஞ்சையும் வயிற்றையும் முதலில் மூடுங்கள். கைகாலைத் தேய்க்கக் கூடாது. மது அறவே கூடாது.

மே 22

அவுட்போர்டு மோட்டார், அதாவது படகின் பின்னால் மாட்டும் எஞ்சின். கியர் ஆயிலை அடி ப்ளக் வழியே ஒரு சொட்டு விட்டுப் பார்த்தால் போதும். பால் கலந்த காப்பி நிறமென்றால் சீல் வழியே தண்ணீர் புகுந்திருக்கிறது. ஓடவிட்டதும் பின்பக்கச் சிறு துளையில், எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர் பீய்ச்ச வேண்டும். வராவிட்டால் உடனே அணைக்கவும். துளையில் பூச்சி கூடு கட்டியிருக்கும், இல்லையேல் அந்தத் தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லர் சக்கரத்தின் இறக்கை ஒடிந்திருக்கும்.

மே 25

மேஃபிளை என்ற நீர்ப்பூச்சி கிளம்பிவிட்டது. இறக்கை முளைத்தபின் ஆயுள் ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு. கடிக்காது, அதற்கு வாயே வேலை செய்யாது. இரவில் துறை விளக்கை அணைத்தால் காலையில் கூட்டும் வேலை மிச்சம். கொசு வேறு விஷயம். கவிழ்க்காமல் விட்ட படகில் தேங்கிய மழைநீர் போதும்.

மே 30

தண்ணீரின் தெளிவை அளக்கும் செக்கி தட்டை இறக்கிப் பார்க்கும் நாள். 20 செ.மீ. வட்டத்தட்டு, நான்கு கால்பகுதி, கறுப்பும் வெள்ளையும் மாற்றி மாற்றி. நடுப்பகலை ஒட்டி, படகின் நிழல் விழும் பக்கம், கறுப்புக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு இறக்கணும். வெள்ளை முதலில் பச்சையாகும், பிறகு விளிம்பு கரையும், பிறகு தட்டு இருந்ததாக ஒரு சந்தேகம் மட்டும் மிஞ்சும். அந்த இடத்தில் கயிற்றில் ஒரு கிளிப். இன்னும் கொஞ்சம் இறக்கி, மெல்ல இழுத்து, மறுபடி தெரியும் இடத்தில் இன்னொன்று. இரண்டின் நடுவே கிடைப்பதுதான் அளவு.

இன்று 4.2 மீட்டர். பார்த்து மகிழலாம், பெருமைப்பட ஒன்றுமில்லை. வசந்தத்தின் கடைசியில் நீர்த்தெள்ளுகள் என்ற நுண்ணிய நீருயிரிகள் பெருகிப் பாசியை மேய்ந்து தீர்ப்பதால் பல ஏரிகளில் இப்படி ஓரிரு வாரம் கண்ணாடி போலத் தெளியும். அதைப் பார்த்துப் புல்தரைக்கு உரம் போடுபவர்களுக்கு ஆகஸ்டில் பச்சைக் கஞ்சி பதில் சொல்லும்.

மேல்நீர் 17, மூன்று மீட்டரில் 11. படகுக்குச் சரி. குளிக்க இன்னும் ஆகாது.