ஹீட்டரை நிறுத்தினால் கேமரா சரியாகிறது: கெர்னலுக்குள் டபுள் போட்ட டிரைவர்

சிங்கப்பூரின் துவாஸில் சிப் சோதனை செய்யும் ஓர் ஆலையில் எங்கள் இயந்திரம் நிற்கிறது. ரியல் டைம் லினக்ஸ் ஓடும் ஒரே கணினியில்தான் ஹீட்டரும் கேமராவும். ஹீட்டருக்கான கெர்னல் மாட்யூல் (லினக்ஸின் மையமான கெர்னலுக்குள் ஏறி ஓடும் டிரைவர்) சப்ளையர் கொடுத்தது, கேமரா நிரல் எங்களுடையது. நிறுவும் வேலை சுலபமாக முடிந்தது. ஓட ஆரம்பித்த பிறகுதான் தலைவலி. நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போதே கேமரா திடீரென்று சிப் எங்கோ இருப்பதாகச் சொல்லும். அடுத்த படத்தில் சரியாகிவிடும்.

சப்ளையரிடம் கேட்டால், "டிரைவருக்கும் கேமராவுக்கும் சம்பந்தமே இல்லை, உங்கள் நிரலைப் பாருங்கள்" என்றார்கள். லாக் அனுப்பினாலும் அதே பதில். எங்கள் நிரலை வரிவரியாகத் துருவியதில் போன நேரத்தை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. நேரில் போய்ப் பார்ப்பதும் லேசில்லை. அனுமதிச் சீட்டில் லேப்டாப்பின் சீரியல் எண் ஓர் எழுத்து மாறியிருந்ததால் வாசலோடு திருப்பி அனுப்பினார்கள்.

வழி காட்டியவர் இரவு ஷிஃப்ட் டெக்னீஷியன். "அண்ணே, ஹீட்டரை நிறுத்திட்டா கேமரா ஒழுங்கா இருக்குண்ணே" என்றார். உடனே மாட்யூலை, அதன் இயந்திரக் கட்டளைகளைக் காட்டும் ஆப்ஜ்டம்ப்பில் போட்டுப் பார்த்தேன். வெப்பநிலை கணக்கிடும் இடத்தில் வரிசையாக எக்ஸ்எம்எம் ரிஜிஸ்டர்கள், அதாவது தசம எண் கணக்குக்காக பிராசஸருக்குள் இருக்கும் இடங்கள். ஆனால் அவற்றைத் தொடும் முன் கெர்னலிடம் அறிவிக்க வேண்டிய கெர்னல்_எஃப்பியு_பிகின் அழைப்பு ஓரிடத்திலும் இல்லை!

எக்ஸ்86 வகை பிராசஸர்களில் கெர்னல் கோடு வழக்கமாக எஸ்எஸ்இ (எக்ஸ்எம்எம்மைத் தொடும் கட்டளைகள்) இல்லாமல்தான் கம்பைல் ஆகும். டபுளில் (தசம எண் வகை) கணக்கு எழுதினால் பெரும்பாலும் அங்கேயே பிழை வரும். சப்ளையர் மேக்ஃபைலில் (கம்பைல் விதிகள் உள்ள ஃபைல்) அந்தத் தடையை எடுத்துவிட்டார்கள். கேமரா நிரலிலிருந்து டிரைவரின் கெர்னல் த்ரெட்டுக்கு (கெர்னலுக்குள் ஓடும் வேலை) மாறும்போது, ரிஜிஸ்டர்களில் கேமராவின் எண்கள் அப்படியே இருக்கும். கெர்னல் த்ரெட் அவற்றைத் தொடாது என்ற நம்பிக்கையில், திரும்பி வரும்போது லினக்ஸ் அவற்றை மறுபடி ஏற்றாமலே விட்டுவிடலாம். நடுவில் டிரைவர் எழுதிய எண்ணை வைத்துக்கொண்டு கேமரா கணக்கைத் தொடரும். டிரைவர் எதையும் அறிவிக்காததால் கெர்னல் லாக்கிலும் ஒரு தடயமும் இருக்காது.

டாஸ்க்செட் கட்டளை போட்டு கேமராவை பிராசஸரின் வேறு கோருக்கு மாற்றினேன், கோளாறு மறைந்தது. "அப்படியே விட்டுடலாமே" என்றது ஆலைத் தரப்பு. நான் ஒப்புக்கொள்ளவில்லை. நாளை டிரைவர் ஓடும் கோரில் வேறு எந்த நிரல் ஓடினாலும் அதற்கும் இதே கதிதான்.

இந்த ஆதாரத்தைச் சப்ளையருக்கு அனுப்பிய பிறகுதான் டிரைவரின் மூல நிரல் கைக்கு வந்தது. கெர்னல்_எஃப்பியு_பிகின், எண்ட் இரண்டுக்கும் நடுவே கணக்கை வைப்பது ஒரு வழி. ஆனால் அந்த நேரம் முழுக்க ப்ரீஎம்ப்ஷன் (ஓடும் வேலையை நிறுத்தி அவசர வேலைக்கு இடம்விடுவது) நின்றுவிடும், அவசர த்ரெட்டும் காத்திருக்க வேண்டும். ரியல் டைம் கெர்னலில் சாதாரண ஸ்பின்லாக்கே (ஒரே தரவை இருவர் ஒரே நேரத்தில் தொடாமல் காக்கும் பூட்டு) தூங்கக்கூடியது, அதை உள்ளே எடுக்கவே கூடாது. டபுள் தொடும் ஃபங்ஷன்களைத் தனி ஃபைலில் வைப்பதும் அவசியம். இல்லாவிட்டால் கம்பைலர் கட்டளைகளை எல்லைக்கு வெளியே நகர்த்திவிடலாம். லினக்ஸ் 6.10-இலிருந்து இதற்குப் பொதுவான ஹெடரும் கம்பைலர் கொடிகளும் இருக்கின்றன.

எங்களுக்கு டபுளே தேவைப்படவில்லை. சென்சார், வெப்பத்துக்கேற்ப மின்தடை மாறும் பிடி100: 0 டிகிரியில் 100 ஓம், 100 டிகிரியில் சுமார் 138.5 ஓம். ஸ்கொயர் ரூட் வரும் சமன்பாட்டை வெளியே ஒரு சிறு நிரலில் கணக்கிட்டு, மில்லிஓமுக்கு எத்தனை மில்லிடிகிரி என்று முழு எண் அட்டவணை போட்டேன். டிகிரிக்கு ஏறத்தாழ 385 மில்லிஓம் கிடைப்பதால் துல்லியம் தாராளம். கட்டுப்பாட்டுக் கெழுக்களை 65536-ஆல் பெருக்கி முழு எண்ணாக்கினேன். பெருக்கல்களை மட்டும் 64 பிட்டில் செய்யுங்கள், 32 பிட் சத்தமில்லாமல் நிரம்பி வழியும். கெர்னல் லாக்கில் எழுதும் பிரிண்ட்கேயில் தசம எண்ணுக்கான %f வேலை செய்யாது, மில்லிடிகிரியாகவே அச்சிடுங்கள்.

புது மாட்யூலில் ஓர் எக்ஸ்எம்எம்கூட இல்லை. கேமராவைப் பழைய கோருக்கே திருப்பி, ஹீட்டரை முழு வேகத்தில் விட்டோம். இரவு முழுக்க ஓர் அளவுகூட பிசகவில்லை. அந்த டெக்னீஷியன் தம்பிக்குத்தான் முதலில் செய்தி அனுப்பினேன்.

அப்புறம், எந்த சப்ளையர் மாட்யூல் கொடுத்தாலும் கையெழுத்துப் போடும் முன் ஆப்ஜ்டம்ப் எடுத்து எக்ஸ்எம்எம் என்று தேடிப் பாருங்கள். இருந்தால், பிகின் எங்கே என்று கேளுங்கள்.