சூப்பர் + எல்: திரையைப் பூட்ட ஒரு ஷார்ட்கட்

ஆடிட்டர் அலுவலகத்தில் யாராவது ஒருவருடைய பான் எண்ணும் வங்கிக் கணக்கும் திரையில் எப்போதும் திறந்தே கிடக்கும். எதிர் நாற்காலியில் இன்னொரு கிளையன்ட் உட்கார்ந்திருப்பார். ஜெராக்ஸ் எடுக்க எழுந்தால்கூடத் திரையைப் பூட்டிவிட்டுத்தான் போக வேண்டும் என்பதில் நான் கறார். விண்டோஸில் இருந்தவரை விண்டோஸ் விசையும் எல்லும் போதும்.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11 ஏறாத பழைய கணினியில் டெபியன் 13 என்ற லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டு, எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப்பைத் தேவையான பொதிகளோடு (நிரல் தொகுப்புகளோடு) மட்டும் நிறுவினேன். அதில் திரையைப் பூட்ட கன்ட்ரோல், ஆல்ட், எல் மூன்றையும் சேர்த்து அழுத்த வேண்டும். கையில் ஃபைலோடு எழுந்திருப்பவர் இதைச் செய்ய மாட்டார். பழகிய விசையே வேண்டும்.

செட்டிங்ஸில் கீபோர்டு, அதில் அப்ளிகேஷன் ஷார்ட்கட்ஸ். ஆட் பொத்தானை அழுத்தி, கட்டளைக்கான இடத்தில், திரையைப் பூட்டச் சொல்லும் கட்டளையான எக்ஸ்எஃப்லாக்4 என்று ஆங்கிலச் சின்ன எழுத்துகளில் இடைவெளி இல்லாமல் கொடுத்தேன். அடுத்து எந்த விசை என்று கேட்டது. விண்டோஸ் விசையைப் பிடித்தபடி எல் எழுத்தைத் தட்டியதும் பட்டியலில் சூப்பர்+எல் என்று ஏறிவிட்டது; விண்டோஸ் விசைக்கு இங்கே சூப்பர் என்று பெயர்.

சரி என்று அழுத்திப் பார்த்தால், திரை அப்படியே இருந்தது. டெர்மினலில் அதே கட்டளையைக் கொடுத்தும் பூட்டவில்லை. அப்படியானால் கோளாறு ஷார்ட்கட்டில் இல்லை. எக்ஸ்எஃப்லாக்4 ஒரு சின்ன ஸ்கிரிப்ட்தான்; அது தானாகப் பூட்டாது, கணினியில் உள்ள பூட்டும் நிரலைத் தேடிக் கூப்பிடும். என் சிக்கன நிறுவலில் அப்படி எதுவும் வந்திருக்கவில்லை. எக்ஸ்எஃப்சிஇ4-ஸ்கிரீன்சேவர் என்ற பொதியை ஏப்ட் என்ற நிறுவும் கருவி மூலம் நிறுவி, லாக்அவுட் செய்து திரும்ப உள்ளே வந்ததும் சூப்பர்+எல் கடவுச்சொல் கேட்டது.

திரை கறுத்துவிட்டது என்பதை மட்டும் நம்பி எழுந்து போகாதீர்கள். மானிட்டர் அணைவது வேறு, பூட்டுவது வேறு; மவுஸை அசைத்துக் கடவுச்சொல் கேட்கிறதா என்று பாருங்கள். ஸ்கிரீன்சேவர் அமைப்பில் லாக் ஸ்கிரீன் பகுதியையும் திறந்து, கணினி உறங்கப்போகும்போதும் பூட்டும்படி வைத்தேன்.

அப்புறம் இன்னொன்று. வலது கிளிக் மெனு திறந்தே இருந்தால் சூப்பர்+எல் வேலை செய்யாது. திரையையும் விசைப்பலகையையும் கையாளும் எக்ஸ்11 அமைப்பில், திறந்திருக்கும் மெனு விசைப்பலகையைத் தன்வசம் பிடித்துக்கொள்வதுதான் காரணம். முதலில் எஸ்கேப், பிறகு சூப்பர்+எல் என்று எங்கள் அலுவலகத்தில் எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்துவிட்டேன்.