இஸ்தான்புல்லில் காபித்தூள் வாங்க வரிசையில் நின்ற கதை

எங்கள் இஸ்தான்புல் பயணத்தைப் பற்றி, எப்படிப் போவது, என்ன செலவாகும் என்று வரிசையாக எழுதுவதாகப் போன பதிவில் சொல்லியிருந்தேன். முதலில் அந்த டாக்ஸிக்காரரைத் திட்டி முடித்துவிடுகிறேன்.

பழைய நகரப் பகுதியான சுல்தான்அஹ்மெத்தில் இருந்து சந்தை இருக்கும் எமினோனுவுக்கு டிராமில் மூன்றே நிறுத்தம். மழை தூறியதால் டாக்ஸியில் ஏறித் தொலைத்தோம். மீட்டரா? அது ஓடவே இல்லை. ஊரைச் சுற்றிக் காட்டி இறக்கிவிட்டு அவர் கேட்ட காசில் எங்கள் தெருவே டிராமில் போயிருக்கலாம். "என்னங்க, இறக்கம்தானே, நடந்தே வந்திருக்கலாம்" என்றாள் மனைவி. இருபது நிமிட நடைதான். அன்றைய பட்ஜெட் காலை பத்து மணிக்கே காலி.

அடுத்த அடி மிஸர் சார்ஷிஸி, அதாவது எகிப்துச் சந்தையில். 1664-ல் கட்டி முடித்த வளைகூரைச் சந்தை. அழகில் குறையில்லை. உள்ளே ஒரு கடைக்காரர் கை நிறைய பிஸ்தாவை அள்ளித் தந்து "இண்டியா? ஷாருக் கான்!" என்றார். நூறு கிராம் கேட்டேன். பேச்சுக் கொடுத்துக்கொண்டே பையை அரைக் கிலோவுக்கு நிரப்பி, பெட்டியோடு சேர்த்து எடை போட்டார். திருப்பிக் கொடுக்க வாய் வரவில்லை. ஓசியில் ஒரு கை பிஸ்தா தின்றதற்கு அபராதம் என்று நினைத்துக்கொண்டேன்.

எரிச்சலோடு மேற்கு வாசல் பக்கம் வெளியே வந்ததும் மூக்கில் ஏறியது அந்த வாசனை. மயிலாப்பூரில் காபிக் கொட்டை வறுக்கும் கடையைத் தாண்டிப் போகும்போது கால் தானாக நிற்குமே, அப்படி. ஆனால் இங்கே சிக்கரி கலக்காத, கொஞ்சம் கருகலான வாசனை. அந்தச் சந்தின் பெயரே தாஹ்மிஸ் சொகாக். தாஹ்மிஸ் என்றால் வறுப்பது.

முனையில் குருகாவேஜி மெஹ்மெத் எஃபெண்டி காபித்தூள் கடை. ஒரு காலத்தில் இந்த ஊரில் பச்சைக் காபிக் கொட்டையைத்தான் விற்பார்கள். வீட்டுக்குக் கொண்டுபோய் வறுத்து, இடித்துக்கொள்ள வேண்டும். அப்பாவின் மசாலாக் கடைக்கு 1871-ல் பொறுப்பேற்ற மெஹ்மெத் எஃபெண்டி, கடையிலேயே வறுத்து அரைத்து விற்க ஆரம்பித்தார். வீட்டுப் பெண்கள் அவரை வாழ்த்தியிருப்பார்கள்! 1931-ல் அவர் இறந்த பிறகு மூன்று மகன்கள் நடத்தினார்கள். 1934-ல் எல்லோரும் குடும்பப் பெயர் வைத்துக்கொள்ள வேண்டும் என்று சட்டம் வந்தபோது, இவர்கள் வைத்துக்கொண்ட பெயர் 'குருகாவேஜி', காபித்தூள்காரர். நம்மூரில் 'எண்ணெய்க்கடைக்காரர் வீடு' என்று தெருவே சொல்லும். இவர்கள் அதைச் சட்டப்படி பதிவு செய்துகொண்டார்கள். கட்டடம் 1930-களின் ஆர்ட் டெகோ பாணி, நம் சென்னைப் பாரிமுனை டேர் ஹவுஸ் கட்டடத்தின் சின்னத் தம்பி மாதிரி.

உட்கார்ந்து குடிக்க இடமில்லை. ஒரு சின்ன ஜன்னல், உள்ளே மின்னல் வேகத்தில் தாள் பொட்டலம் மடிக்கும் கைகள், வெளியே தெருமுனை வரை வரிசை. எங்களுக்கு முன்னால் நின்ற பாட்டி ஒரே ஒரு நூறு கிராம் பொட்டலம் வாங்கிக்கொண்டு போனார். சுற்றுலாப் பயணிக்கும் பாட்டிக்கும் ஒரே விலை. அதற்காகவே நான்கு பொட்டலம் வாங்கினேன். வாங்கும்போது கையில் சுட்டது.

பிஸ்தா மாதிரி கொட்டைப் பருப்பையும் அந்தச் சந்துகளிலேயே வாங்குங்கள், அதற்காகச் சத்தியமாக எகிப்துச் சந்தைக்கு உள்ளே போகாதீர்கள். அப்பாவும் பிள்ளையும் நிற்கும் ஒரு சின்ன வறுகடலைக் கடையில் கருங்கடல் பக்கத்து ஹேசல் கொட்டை சூடாகக் கொட்டிக் கிடந்தது. உலகத்திலேயே அதிகம் விளைவது துருக்கியில்தான். வறுத்த கையோடு தின்றால் வெண்ணெய் மாதிரி கரைகிறது. பக்கத்தில் மஞ்சளாக ஒரு குவியல். பெயர் லெப்லெபியாம். மனைவி ஒன்றை வாயில் போட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். "இது பொட்டுக்கடலைங்க! சட்னிக்கு அரைக்கிறதைத் தின்னவா இவ்வளவு செலவு பண்ணி வந்தோம்?" பிள்ளை அளந்து, தராசைத் திருப்பிக் காட்டி, மேலே ஒரு பிடி போட்டான். கொசுறு! இஸ்தான்புல்லில் கொசுறு!

விலையை எழுதப் போவதில்லை. துருக்கிப் பணமான லிரா இருக்கிற இருப்பில் நான் எழுதி நீங்கள் படிப்பதற்குள் மாறிவிடும்.

ஊருக்கு வந்த அன்று ராத்திரி அம்மா பொட்டலத்தைப் பிரித்து, "என்னடா இது, முகத்துக்குப் போடுற பவுடராட்டம் இருக்கு?" என்றாள். துருக்கிக் காபியை மாவாக அரைப்பார்கள், சின்னச் செம்பில் தண்ணீரோடு கொதிக்கவிட்டு மண்டியோடு கோப்பையில் ஊற்றுவார்கள் என்று விளக்கினேன். காதில் வாங்காமல் நம் பித்தளை ஃபில்டரில் போட்டு வெந்நீர் ஊற்றிவிட்டாள். காலை ஆறு மணிக்குப் பார்த்தால் அடிப்பாத்திரத்தில் இரண்டு ஸ்பூன் டிகாக்‌ஷன், மேலே சேறு. தெருமுனைக் கடை திறந்ததும் போய்க் கால் கிலோ பீபரி காபித்தூள் வாங்கி வந்தேன்.