ஒரு ஏக்கரில் ஊர் விளையாட்டுத் திடல்: கோடு போடும் முன்

ஊருக்கு விளையாட்டுத் திடல் என்ற பேச்சு எழுந்ததும் முதலில் வந்து சேர்வது வலையும் பந்தும்தான். 2024இல் தமிழ்நாடு அரசு ஊராட்சிகளுக்குக் கொடுக்கத் தொடங்கிய கலைஞர் விளையாட்டு உபகரணத் தொகுப்பில் 33 வகைப் பொருட்கள் இருக்கின்றன. ஆக, பொருளுக்குப் பஞ்சமில்லை. மழைத் தண்ணீர் எங்கே போகும் என்ற கேள்விதான் கடைசியாக வருகிறது, அதுவும் ஐப்பசி மழையில் கோர்ட் குளமான பிறகு. பணம் போட்டும் புல் மண்டிக் கிடக்கிற திடல்களில் குறை பெரும்பாலும் இரண்டில் ஒன்றாக இருக்கும்: தண்ணீர் வடிய வழி இல்லை, அல்லது கோட்டுக்கு வெளியே ஓட இடம் இல்லை. காகிதத்தில் இருக்கும்போது இரண்டையும் காசில்லாமல் திருத்தலாம். போட்ட பிறகு திருத்தப் போனால் முதல் செலவு இன்னொரு தடவை ஆகும்.

இடத்திலிருந்து தொடங்குவோம். காலியாகக் கிடக்கிறது என்பதற்காக ஒரு புறம்போக்கைத் தேர்ந்தெடுக்காதீர்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் அ-பதிவேட்டையும் (நிலத்தின் வகை எழுதியிருக்கும் கிராமக் கணக்கு) புலப்படத்தையும் (நில அளவை வரைபடம்) பார்த்து, அது என்ன வகைப்பாட்டில் இருக்கிறது என்று உறுதி செய்யுங்கள். குளம், ஏரி, ஓடை, வாய்க்கால் என்று பதிவாகியிருந்தால் அந்த இடம் வேண்டவே வேண்டாம். சட்டம் தடுப்பது ஒருபக்கம், தண்ணீர் தன் இடத்தைத் தேடி வந்தே தீரும். சர்வேயரை வைத்து நான்கு எல்லையிலும் கல் நட்ட பிறகே கிராம சபையில் தீர்மானம் போடுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு சபைகள் கூடுகின்றன. தீர்மானத்தில் சர்வே எண்ணும் பரப்பும் எழுதப்பட்டிருக்க வேண்டும். நகரமாக இருந்தால் மனைப்பிரிவுகளின் பொதுத் திறந்தவெளியைப் பாருங்கள். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலை போக மீதியில் 10 சதவீதத்தைத் தானப்பத்திரம் எழுதி உள்ளாட்சியிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது விதி. பல ஊர்களில் அந்த இடம் முள் மண்டித்தான் கிடக்கிறது.

இனி அளவு. ஒரு ஏக்கர் என்றால் 100 சென்ட், 4,047 சதுர மீட்டர். வடக்கு தெற்காக 80 மீட்டர், கிழக்கு மேற்காக 50 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். வாலிபால் கோர்ட் 18க்கு 9 மீட்டர், அதாவது 4 சென்ட். ஆனால் சுற்றிலும் குறைந்தது 3 மீட்டர் ஓட்ட இடம் வேண்டும். அதைச் சேர்த்தால் 24க்கு 15, ஏறக்குறைய 9 சென்ட். இந்தக் கணக்கைத் தவறவிட்டு, 5 சென்ட் இடத்தில் கோர்ட் போட்டுச் சுவரை ஒட்டிக் கம்பம் நடுகிறார்கள். பந்தைத் துரத்துகிற பிள்ளை சுவரில் மோதுகிறது. குதித்து சர்வீஸ் போடுகிறவர்களுக்குக் கடைக்கோட்டுக்குப் பின்னால் 3 மீட்டர் போதாது, இடம் இருந்தால் 5 மீட்டர் விடுங்கள். ஆண்கள் கபடி ஆடுகளம் 13க்கு 10, பெண்களுக்கு 12க்கு 8. பெரியதைப் போட்டுச் சுற்றிலும் 4 மீட்டர் விட்டால் 21க்கு 18 வரும்.

எல்லையை ஒட்டி 2 மீட்டர் அகலத்தில் நடைபாதை போட்டால், முனைகளை வளைத்துத் திருப்பிய பின் ஒரு சுற்று 235 மீட்டர் வரும். நான்கு சுற்று நடந்தால் ஒரு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. நடைபாதையும் மர வரிசையும் போக, நடுவில் 72க்கு 42 மீட்டர் மிஞ்சும். ஒரு முனையில் வாலிபாலையும் கபடியையும் பக்கம் பக்கமாக வைத்துவிட்டால் மீதி 48க்கு 42 மீட்டர் வெட்டவெளி. அதில் எதுவும் கட்டாதீர்கள். ஊஞ்சல், மேடை, சிலை, நினைவுக் கல்வெட்டு என்று ஆளாளுக்கு ஒன்று கேட்பார்கள். அந்த வெறும் இடத்தில்தான் கோகோ ஓடும் (27க்கு 16 மீட்டர் போதும்), சிறுவர்கள் கால்பந்து உதைப்பார்கள், ரப்பர் பந்துக் கிரிக்கெட் நடக்கும். திடலிலேயே அதிகம் பேர் பயன்படுத்தும் பகுதி அதுவாகத்தான் இருக்கும்.

கோர்ட்டின் நீளவாக்கு வடக்கு தெற்காக இருக்கட்டும். ஆட்டம் சூடுபிடிப்பது மாலை ஐந்து மணிக்கு. கிழக்கு மேற்காகப் போட்டால் ஒரு அணி முழுக்கச் சூரியனைப் பார்த்துக்கொண்டே பந்தைத் தேடும். நம் ஊர்களில் சூரியன் மறையும் புள்ளி நேர் மேற்கிலிருந்து ஆண்டு முழுவதும் இருபக்கமும் 24 பாகை வரை நகரும். ஆகவே பத்துப் பதினைந்து பாகை விலகினால் குடி மூழ்கிவிடாது. மேற்கு எல்லையில் வேம்பும் புங்கனும் வரிசையாக வைத்தால் சில ஆண்டுகளில் நான்கு மணிக்கே நிழல் விழும். கோர்ட்டிலிருந்து 6 மீட்டராவது தள்ளி நடுங்கள்.

சீமைக் கருவேலம் இருந்த இடமென்றால் ஒரு எச்சரிக்கை. தரைமட்டத்தில் வெட்டினால் மீண்டும் தழைக்கும். வேர்க்கழுத்து வெளிவர ஜேசிபி வைத்துப் பிடுங்க வேண்டும். அதோடு முடியாது. மண்ணில் கிடக்கும் முள் ஆண்டுக்கணக்கில் மக்காது. மேல் அரை அடி மண்ணை வழித்து அப்புறப்படுத்துங்கள், அல்லது சலித்துப் போடுங்கள். இல்லையென்றால் வெறுங்காலோடு அங்கே யாரும் கபடி ஆட மாட்டார்கள்.

இப்போது தண்ணீர். கோர்ட் சுற்றுத் தரையைவிட 15 முதல் 20 சென்டிமீட்டர் உயர்ந்து நிற்க வேண்டும். திறந்தவெளி வாலிபாலில் மீட்டருக்கு 5 மில்லிமீட்டர் சாய்வை விதியே அனுமதிக்கிறது. நடுவிலிருந்து இரு பக்க ஓரத்துக்கும் தலா ஏழரை மீட்டர் என்பதால் மொத்த இறக்கம் 4 சென்டிமீட்டருக்குள் அடங்கும். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் தண்ணீருக்குத் தெரியும். கொத்தனார் வைத்திருக்கும் டியூப் லெவலை (தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கும் குழாய்) வைத்து இரண்டு மீட்டருக்கு ஒரு குச்சி நட்டு மட்டம் குறித்துக்கொள்ளுங்கள். மேட்டுப் பக்கத்திலிருந்து வரும் வெள்ளத்தைத் திடலுக்குள் விடாமல் திருப்ப ஒரு வாய்க்கால் வேண்டும். தாழ்ந்த பக்கம் ஒரு அடி அகலம், ஒரு அடி ஆழத்தில் இன்னொன்று வெட்டி உறிஞ்சுகுழியில் முடியுங்கள்.

மண்ணுக்குக் கணக்கு: 24க்கு 15 மீட்டர் என்பது 3,875 சதுர அடி. அரை அடி கனம் அமுக்கி முடிக்க 1,940 கன அடி. லாரியில் வருவது உதிரி மண் என்பதால் கால் பங்கு கூட்டி, யூனிட்டுக்கு 100 கன அடி வீதம் 24 யூனிட் சொல்லுங்கள். எந்தச் செம்மண் என்பதற்கு எளிய சோதனை உண்டு. கண்ணாடிப் பாட்டிலில் பாதி மண், மீதி தண்ணீர் ஊற்றிக் குலுக்கி ஒரு நாள் அசையாமல் வையுங்கள். அடியில் மணல், அதன்மேல் வண்டல், மேலே களி என்று படியும். களி கால் பங்குக்குப் பக்கத்தில் இருந்தால் நல்லது. அதைவிடக் கூடினால் பனியிலேயே வழுக்கும், கோடையில் வெடிக்கும். குறைந்தால் இறுகாது, காலடியில் சறுக்கும். கரிசல் பூமியில் அதன் மேலேயே செம்மண்ணைக் கொட்டக் கூடாது. கரிசல் மழைக்கு ஊதி வெயிலுக்குச் சுருங்கும்போது மேலுள்ளதையும் சேர்த்துப் பிளக்கும். ஒரு அடி தோண்டி எடுத்துவிட்டு கிராவல் நிரப்பி, அதன்மேல் செம்மண் போடுங்கள்.

மொத்த மண்ணையும் ஒரே தடவை பரப்பி ரோலர் விடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. மேலே இறுகிவிடும், உள்ளே பொலபொலவென்று இருக்கும். முதல் பெருமழையில் அங்கங்கே உள்வாங்கும். 7, 8 சென்டிமீட்டர் கனத்தில் பரப்பி, தண்ணீர் தெளித்து, ஒவ்வொரு அடுக்காக உருட்டுங்கள். ஈரம் சரிதானா என்று பார்க்க ஒரு பிடி மண்ணை இறுக்கிப் பிடியுங்கள். உருண்டையாக நிற்க வேண்டும், கையில் நீர் கசியக் கூடாது. இடுப்பு உயரத்திலிருந்து போட்டால் நாலைந்து துண்டாக உடைய வேண்டும். கபடி ஆடுகளம் இதற்கு நேர்மாறு. அங்கே இறுக்கம் வேண்டாம். ஒரு அடி தோண்டி, கல்லும் கண்ணாடியும் போகச் சலித்த மண்ணோடு மரத்தூள் கலந்து நிரப்புங்கள். மலிவு என்று எம்-சாண்ட் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) போட்டால் அதன் கூர்முனைகள் முழங்காலைச் சிராய்த்துவிடும்.

கோடு போடும்போது மூலைமட்டத்தை நம்பாமல் மூலைவிட்டத்தை அளந்து பாருங்கள். வாலிபாலுக்கு இரண்டு மூலைவிட்டமும் 20.12 மீட்டர், கபடிக்கு 16.40. கிரிக்கெட் பிட்சின் 22 கஜமும் அதே 20.12 மீட்டர்தான் என்பதால் நினைவில் வைப்பது எளிது. வலைக் கம்பத்தைப் பக்கக்கோட்டிலிருந்து அரை மீட்டருக்கும் ஒரு மீட்டருக்கும் இடையில் நடலாம். இரண்டரை அடிச் சதுரத்தில் மூன்றடி ஆழம் கான்கிரீட் போட்டு, அதில் கம்பத்தைவிடச் சற்றுப் பெரிய குழாயைப் புதைத்து, கம்பத்தை அதற்குள் இறக்குங்கள். அடியில் ஜல்லி போட்டு நீர் வடிய விடாவிட்டால் குழாய்க்குள்ளேயே துருப்பிடிக்கும். ஒன்றரை அடிக் குழியில் நட்ட கம்பம் மூன்று மாதத்தில் உள்பக்கம் சாய்ந்து, வலை நடுவில் தொய்ந்துவிடும். பிறகு இழுத்துக் கட்டக் கம்பி போடுவார்கள், அது காலைத் தடுக்கும். கொக்கிகளை ஆண்களுக்கு 2.43 மீட்டர், பெண்களுக்கு 2.24 மீட்டர் என்று இரண்டு உயரத்திலும் ஆரம்பத்திலேயே பற்றவைத்துவிடுங்கள்.

விளக்குக்கு நான்கு மூலையிலும் 9 மீட்டர் கம்பம், ஒவ்வொன்றிலும் 150 வாட் எல்இடி இரண்டு போதும். தினம் மூன்று மணி நேரம் எரிந்தால் மாதம் 108 யூனிட் ஆகும். யார் பெயரில் இணைப்பு, கட்டணம் யார் கட்டுவது என்பதைத் தீர்மானத்திலேயே எழுதுங்கள். எர்த்தும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபியும் (மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) இல்லாமல் ஈரத் தரையில் இரும்புக் கம்பத்துக்கு மின்சாரம் கொடுக்கவே கூடாது.

பெண் பிள்ளைகள் வர வேண்டுமானால் கழிப்பறை பின்மூலையில் ஒளிந்திருக்கக் கூடாது. அங்கே போகிற வழி நடைபாதையிலிருந்து தெரிய வேண்டும், கதவுக்கு முன்னால் மறைப்புச் சுவர் வேண்டும். சாவி ஊராட்சி அலுவலகத்தில் இருந்தால் மாலையில் அது பூட்டியே கிடக்கும். பக்கத்து வீட்டிலோ கடையிலோ கொடுத்து வையுங்கள். வாரத்தில் எந்தெந்த நாள் நான்கரை முதல் ஆறு வரை கோர்ட் பெண் பிள்ளைகளுக்கு என்று பலகையில் எழுதி மாட்டுங்கள். பலகை இல்லாத இடத்தில் வலுத்தவன் கையில்தான் கோர்ட் இருக்கும்.

உடற்பயிற்சிக் கருவிகளில் சுழல்வதும் ஆடுவதும் பேரிங் போய்ச் சீக்கிரம் நின்றுவிடும். அந்தப் பணத்தில் இரண்டு புல்-அப் கம்பியும் ஒரு ஜோடி பார்-கம்பியும் போடுவது நல்லது.

பராமரிப்புக்கு ஆண்டுதோறும் இரண்டு மூன்று யூனிட் செம்மண்ணுக்கும், ஒரு ஆளுக்குச் சிறு தொகைக்கும் ஒதுக்கீடு வையுங்கள். கோடு போட நீற்றாத சுண்ணாம்பு கண்ணைக் கெடுக்கும், சாக்பீஸ் தூளோ நன்றாக நீற்றிய சுண்ணாம்போ போதும். மழை விட்டதும் நடந்து பார்த்து, குதிகால் பதிந்தால் அன்று ஆட்டம் வேண்டாம். ஈரத்தில் விழுந்த காலடிக் குழிகள் காய்ந்ததும் கணுக்காலைப் புரட்டும். பாதி உலர்ந்த பதத்தில் கை ரோலரை இரண்டு தடவை உருட்டிவிட்டு, மறுநாள் வலையைக் கட்டுங்கள்.