மேரி வார்னாக் போட்ட 14 நாள் கோடு

போன மாசம் அக்காவோட ஐவிஎஃப் (லேப்ல கரு உருவாக்கற சிகிச்சை) ஃபார்ம் நிரப்ப கூட உக்காந்திருந்தேன். அஞ்சாம் நாள் கரு மூணு தேறுச்சு, ஒண்ண வச்சாங்க, மிச்சம் ரெண்டும் ஃப்ரீசர்ல. அத என்ன செய்யணும்னு ஒரு பக்கம் முழுக்க கேள்வி, ஆராய்ச்சிக்கு குடுக்க சம்மதமான்னு ஒரு கட்டம் வேற. "ஏண்டி, நீதான தத்துவம் படிச்சவ, இது உயிரா இல்லையா?"ன்னு அக்கா கேட்டா. என்கிட்ட பதில் இல்ல, மேரி வார்னாக்தான் ஞாபகம் வந்தாங்க.

1978ல இங்கிலாந்துல முதல் டெஸ்ட் டியூப் குழந்தை லூயிஸ் பிரவுன் பொறந்தாச்சு, ஆனா லேப்ல இருக்க கருவ என்ன செய்யலாம் என்ன செய்யக்கூடாதுன்னு சொல்ல சட்டமே இல்ல. 1982ல கவர்ன்மெண்ட் ஒரு கமிட்டி போட்டுச்சு, அதுக்கு தலைவரா டாக்டரையோ ஜட்ஜையோ போடல, ஆக்ஸ்ஃபோர்டுல தத்துவம் சொல்லிக்குடுத்த, நடுவுல ஒரு பொண்ணுங்க ஸ்கூல்ல ஹெட்மிஸ்ட்ரஸா வேற இருந்த வார்னாக்க போட்டாங்க.

உயிர் எப்போ ஆரம்பிக்குதுங்கற கேள்விலயே அவங்க மாட்டிக்கல. மைக்ராஸ்கோப்ல பாத்து சொல்ற விஷயமில்ல அது, நாம எதுக்கு எவ்ளோ மதிப்பு குடுக்கறோம்ங்கறது, அதனால இந்தக் கருவ எப்படி நடத்தினா சரின்னு நேரா அங்க போயிட்டாங்க. எனக்கு அவங்க மேல மரியாதை வந்ததே இந்த இடத்துலதான்.

லேப்ல கருவ 14 நாளுக்கு மேல வளக்கக்கூடாதுன்னு கமிட்டி ஒரு கோடு போட்டுச்சு. சரி, ஏன் 14? கமிட்டில ஆன் மெக்லாரன்னு ஒரு விஞ்ஞானி இருந்தாங்க, கரு வளர்ற விதத்த மத்தவங்களுக்கு புரிய வச்சது அவங்கதான். சுமாரா 15ஆம் நாள் கருவுல ஒரு கீத்து மாதிரி விழும், உடம்போட தலைப்பக்கம் எது கால்பக்கம் எதுன்னு அதுலதான் தெரியும். அதுக்கு முன்னாடி ஒரே கரு ரெண்டா பிரிஞ்சு ரெட்டைப் பிள்ளையா கூட ஆகலாம், அதாவது அது ஒரு ஆளா ரெண்டு ஆளான்னே முடிவாகல, நரம்புன்னு ஒண்ணும் உருவாகவும் இல்ல. அந்த கீத்து விழற வரைக்கும்னு மட்டும் எழுதியிருந்தா ஆளாளுக்கு ஒரு அர்த்தம் சொல்லுவாங்க, நாள எண்ணறதுல யாரும் தகராறு பண்ண முடியாது. 1984ல ரிப்போர்ட், அதுல ஒத்துக்காத மெம்பர்ங்களோட மறுப்பையும் சேத்தே அச்சடிச்சாங்க. 1990ல சட்டமே வந்துருச்சு, 14 நாளுக்கு மேல வளத்தா கிரிமினல் குத்தம்.

2016ல கேம்பிரிட்ஜ்லயும் நியூயார்க்லயும் 13 நாள் கிட்ட வளத்துட்டாங்க, இப்போ 28 நாளாக்கலாம்னு பேச்சு ஓடுது. நம்ம நாட்டு மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் ஐசிஎம்ஆரோட 2017 விதிமுறைலயும் இதே 14தான்.

அக்காகிட்ட இதெல்லாம் சொன்னேன், பொறுமையா கேட்டா. ஆராய்ச்சிக் கட்டத்துல டிக் போடல, "ரெண்டும் இன்னும் ஒரு வருஷம் இருக்கட்டும்டி"ன்னு சொல்லி கையெழுத்து போட்டா.