கடற்கொள்ளையர் கதையைக் கொள்ளைபோன கப்பலிலிருந்து தொடங்குங்கள்

ஒற்றைக் கண்ணை மறைக்கும் கறுப்புத் துணி, மரக்கால், தோளில் கிளி. பிறந்தநாள் விழாவில் பிள்ளைகள் இந்த வேஷத்தை ஆசையாகப் போடுகிறார்கள், போடட்டும். ஆனால் உண்மை வரலாற்றைச் சொல்ல உட்காரும்போது கரீபியன் தீவுகளுக்கு ஓட வேண்டாம். கடலூர், புதுச்சேரிப் பிள்ளைகள் காதில் 'கடற்கொள்ளையர்' என்ற சொல் செய்தி வழியாகவே விழுந்திருக்கும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்து மீனவர்களை நடுக்கடலில் மறித்துத் தாக்கிப் பறித்துக்கொண்டு போன செய்தி அடிக்கடி வருகிறது. அப்படி ஒரு செய்தியைப் பிள்ளையோடு சேர்ந்து படித்து, பறிபோன பொருட்களை ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். வலை, ஜிபிஎஸ், வாக்கி டாக்கி, செல்போன், இன்ஜின், டீசல், பிடித்து வைத்த மீன்.

பக்கத்திலேயே 300 வருடத்துக்கு முந்தைய பட்டியல் ஒன்றை எழுதுங்கள். 'கறுந்தாடி' என்று பெயரெடுத்த எட்வர்ட் டீச் 1718 மே மாதம் அமெரிக்காவின் சார்ல்ஸ்டன் துறைமுகத்தையே அடைத்து, பிணைக்கைதிகளைப் பிடித்து வைத்துக்கொண்டு கேட்டது ஒரு மருந்துப் பெட்டி. வில்லியம் கிட் 1698 ஜனவரியில் கேரளக் கடலோரம் பிடித்த 'குவேதா மெர்ச்சன்ட்' கப்பலில் இருந்தவை பட்டு, மஸ்லின், பருத்தித் துணி, சர்க்கரை, வெடியுப்பு, அபின், இரும்பு. இவை போக பாய், கயிறு, நங்கூரம், தண்ணீர்ப் பீப்பாய். கப்பலைப் பழுது பார்க்கப் பெரும்பாலான துறைமுகங்கள் இடம் தரமாட்டா என்பதால் கொள்ளையருக்கு இவை இன்றியமையாதவை. இரண்டு பட்டியலையும் பார்க்கும் பிள்ளைக்குத் தங்கக் காசுப் பெட்டி தானாகவே சின்னதாகிவிடும்.

அடுத்ததாக நான் சொல்லும் கதை எப்போதும் கஞ்ச்-இ-சவாய். அவுரங்கசீப்பின் பெரிய கப்பல். 1695 செப்டம்பரில் மக்காவுக்குப் போன பயணிகளையும் வியாபாரிகளையும் ஏற்றிக்கொண்டு சூரத்துக்குத் திரும்பியது. ஹென்றி எவரி என்ற ஆங்கிலேயர் 'ஃபேன்சி' என்ற கப்பலோடு செங்கடலின் வாயில் முன்பே காத்துக் கிடந்தார். எந்த மாதத்தில் கப்பல் வரும் என்று அவருக்கு எப்படித் தெரிந்தது? இந்தக் கேள்வியைப் பிள்ளைகளிடமே விடுங்கள். கொண்டல், கச்சான், வாடை, சோழகம் என்று காற்றுக்குப் பெயர் சொல்லும் வீட்டுப் பிள்ளைகள் உடனே பிடித்துவிடுவார்கள். தென்மேற்குப் பருவக்காற்றின் கடைசியில்தான் செங்கடலிலிருந்து சூரத்துக்குப் பாய்விரிக்க முடியும். காற்று மாறினால் ஒரு வருடம் போச்சு. வியாபாரியின் நாட்காட்டிதான் கொள்ளைக்காரனின் நாட்காட்டியும்.

சண்டையின் தொடக்கத்திலேயே கஞ்ச்-இ-சவாயில் ஒரு பீரங்கி வெடித்துச் சொந்த ஆட்களையே கொன்றது, நடுப் பாய்மரமும் அடிபட்டது. பிறகு பல நாள் கொள்ளை, சித்திரவதை, பெண்கள் மீது வன்முறை. பத்து வயதுப் பிள்ளைக்கு 'பயணிகளை அடித்துத் துன்புறுத்தினார்கள், பலர் இறந்தார்கள்' என்று சொன்னால் போதும். பதிமூன்று, பதினான்கு வயதில் மீதியையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் விட்டால் எவரி ஒரு சாகசக்காரராக மனதில் தங்கிவிடுவார். அவுரங்கசீப் ஆட்கள் சூரத்தில் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்களைப் பிடித்து அடைத்தார்கள். எவரியின் தலைக்கு அறிவித்த பரிசு ஆயிரம் பவுண்டு வரை போனது. ஆள் கிடைக்கவே இல்லை. கூட்டாளிகள் ஐந்து பேரை 1696 நவம்பரில் லண்டனில் தூக்கிலிட்டார்கள்.

இங்கே உள்ளூரை இணைக்கலாம். அதே கம்பெனி அதற்கு ஐந்து வருடம் முன்புதான், 1690இல், கடலூர் தேவனாம்பட்டினம் கோட்டையைச் செஞ்சியிலிருந்த மராட்டியரிடம் விலைக்கு வாங்கியிருந்தது. கோட்டையிலிருந்து நாலா பக்கமும் பீரங்கி சுட்டு, குண்டு போய் விழுந்த தூரம் வரை எல்லை. உள்ளே வந்த ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர். குண்டு விழுந்த இடம் வரை எனது என்று சொல்வது நியாயமா என்று ஒரு பிள்ளையாவது கேட்கும். கேட்டால் பாதிப் பாடம் முடிந்த மாதிரி.

இப்போது கொள்ளையைப் பங்கு பிரிக்கும் விளையாட்டு, புளியங்கொட்டையை வைத்து. பத்துப் பிள்ளைகள், 104 கொட்டை. எண்ணிக்கையை மாற்றாதீர்கள், கணக்கு மீதியில்லாமல் வருவதற்காகவே இந்த எண். பார்த்தலோமியூ ராபர்ட்ஸ் என்ற கொள்ளைத் தலைவர் கப்பலில் எழுதி வைத்த விதிகளின்படி கேப்டனுக்கும் குவார்ட்டர்மாஸ்டருக்கும் (கேப்டனுக்கு அடுத்த நிலை) இரண்டு பங்கு, போசனுக்கும் (பாய், கயிறுகளைக் கவனிப்பவர்) பீரங்கித் தலைவருக்கும் ஒன்றரைப் பங்கு, சாதாரண மாலுமிக்கு ஒரு பங்கு. ஆறு மாலுமிகள் என்றால் மொத்தம் 13 பங்கு, பங்குக்கு 8 கொட்டை. கேப்டனுக்கு 16, குவார்ட்டர்மாஸ்டருக்கு 16, அடுத்த இருவருக்கும் தலா 12, மாலுமிகளுக்குத் தலா 8.

கொட்டைகளை மறுபடி குவித்து, அந்தக் காலத்து ஆங்கிலேயக் கடற்படை எதிரிக் கப்பலைப் பிடித்தால் எப்படிப் பிரித்தது என்று பிரியுங்கள். எட்டுக் கூறு. கேப்டனுக்கு மூன்று கூறு, மூன்று நிலை அதிகாரிகளுக்கு ஒவ்வொரு கூறு, மீதி இரண்டு கூறு மாலுமிகள் எல்லோருக்கும் பொது. நம் விளையாட்டில் நிலைக்கு ஒரு அதிகாரி. கேப்டன் கைக்கு 39, அதிகாரிகளுக்குத் தலா 13. மாலுமிகளுக்கு 26, ஆளுக்கு 4, மிஞ்சும் 2 கொட்டைக்கு அடிதடி. ஒரு மாலுமி ஏன் கொள்ளைக் கப்பலுக்கு ஓடினான் என்பதை இதைவிட நன்றாக என்னால் சொல்ல முடியாது.

இந்த விளையாட்டு கெடுவது இரண்டு இடத்தில். ஒன்று, பெரியவர்களே கேப்டனை நியமிப்பது. கொள்ளைக் கப்பலில் கேப்டனை ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தார்கள், துரத்தும்போதும் சண்டையிலும்தான் அவர் சொல் செல்லும், சாப்பாட்டைப் பங்கு வைப்பது குவார்ட்டர்மாஸ்டர். அதனால் முதலில் ஓட்டெடுப்பு நடக்கட்டும். இரண்டு, அடிபட்டவரை மறப்பது. ராபர்ட்ஸ் விதிப்படி கையோ காலோ இழந்தவருக்குப் பொதுப் பணத்திலிருந்து 800 டாலர். ஆகவே ஒரு பிள்ளையைக் காலிழந்தவராக வைத்து, பிரிப்பதற்கு முன்பே எத்தனை கொட்டை ஒதுக்கலாம் என்று அவர்களையே பேச விடுங்கள். இரவு எட்டு மணிக்கு விளக்கணைக்க வேண்டும், பணம் வைத்துச் சூதாடக் கூடாது என்பவையும் அதே விதிகளில் உண்டு. பிள்ளைகள் இதைக் கேட்டால் நம்ப மாட்டார்கள்.

விளையாட்டு முடிந்த கையோடு அடிமைகளைப் பற்றிச் சொல்லிவிடுங்கள், இன்னொரு நாளைக்கு என்று தள்ளிப்போட வேண்டாம். ஓட்டும் சமபங்கும் இருந்ததால் இவர்கள் நல்லவர்கள் என்ற எண்ணம் அந்த நேரத்தில்தான் வேர்விடும். கறுந்தாடியின் கப்பல் பிரெஞ்சு அடிமைக் கப்பலாக இருந்தது. 1717இல் அவர் அதைப் பிடித்தபோது ஆப்பிரிக்க அடிமைகள் உள்ளே இருந்தார்கள். அதே வருடம் ஏப்ரலில் அமெரிக்காவின் கேப் காட் அருகே புயலில் மூழ்கிய 'விடா' என்ற கொள்ளைக் கப்பலும் அடிமைக் கப்பலாகத் தொடங்கியதுதான். 1984இல் அதன் சிதைவைக் கண்டுபிடித்தார்கள். பெயர் பொறித்த மணியும் கிடைத்தது. அந்தக் கப்பலில் ஜான் கிங் என்று ஒரு சிறுவன் இருந்தான், வயது பதினொன்றைத் தாண்டாது. தாயோடு போன கப்பலைக் கொள்ளையர் மறித்தபோது, நானும் வருவேன் என்று அடம்பிடித்துச் சேர்ந்தவன். ஒரு சின்னக் காலெலும்பு, பட்டுக் காலுறை, ஒரு காலணி ஆகியவை சிதைவில் கிடைத்தன, அவனுடையவை என்று கருதுகிறார்கள். தன் வயதுப் பையன் என்று தெரிந்ததும் பிள்ளைகள் கேட்கும் கேள்விகளே மாறிவிடும்.

அடுத்து ஒரு நடை, புதுச்சேரி வெள்ளை நகரத்தில். பெயர்ப்பலகைகள்தான் பாடப்புத்தகம். சுர்குஃப் வீதி என்று ஒன்று உண்டு. ராபர்ட் சுர்குஃப் 1800 அக்டோபரில் வங்கக் கடலில் ஆங்கிலக் கம்பெனியின் 'கென்ட்' கப்பலை, தன்னுடையதைவிட மிகப் பெரியதை, ஏறிப் பிடித்தவர். பிரெஞ்சுக்காரர்களுக்கு வீரர், ஆங்கிலேயருக்குக் கொள்ளைக்காரர். வித்தியாசம் ஒரு காகிதம். எதிரி நாட்டு வியாபாரக் கப்பலைப் பிடிக்க அரசு தரும் அனுமதிக் கடிதம் கையில் இருந்தால் பிடித்தது பரிசு. இல்லாவிட்டால் திருட்டு. 1796இல் அந்தக் காகிதம் இல்லாமலே அவர் கப்பல்களைப் பிடித்தார், மொரீஷியஸில் அதிகாரிகள் அவற்றைப் பறித்துக்கொண்டார்கள். அடிமை வியாபாரத்திலும் அவருக்குக் கை உண்டு, அதையும் அந்த வீதியிலேயே சொல்லுங்கள்.

இன்னொரு பலகை டூமா வீதி. டூமா 1735 முதல் 1741 வரை புதுச்சேரி ஆளுநர். அதற்கு முன் இன்று ரியூனியன் எனப்படும் புர்போன் தீவின் ஆளுநர். அவர் ஆண்ட காலத்தில்தான், 1730 ஜூலையில், ஒலிவியே லெவசேர் என்ற கொள்ளைக்காரரை அங்கே தூக்கிலிட்டார்கள். புயலில் பாய்மரம் இழந்து அந்தத் தீவில் ஒதுங்கிய போர்த்துகீசியக் கப்பலை 1721இல் பிடித்தவர் இந்த லெவசேர். கோவாவிலிருந்து வைரங்களோடு போன கப்பல் அது.

பெரிய பிள்ளைகளுக்கு இங்கேயே கானோஜி ஆங்கரேயும் குஞ்ஞாலி மரைக்காரும். மராட்டியக் கடற்படைத் தலைவரை ஆங்கிலேயரும், கோழிக்கோட்டுச் சாமூதிரியின் தளபதிகளைப் போர்த்துகீசியரும் கொள்ளையர் என்றே எழுதினார்கள். எழுதியது யார் என்று ஒவ்வொரு முறையும் கேட்கும் பழக்கம் வந்தால் போதும்.

பலகையில் நடக்க வைத்துக் கடலில் தள்ளுவது, புதையல் வரைபடம் இரண்டும் பெரும்பாலும் கதைப் புத்தகத்துச் சரக்கு. அதற்கு இந்த ஒரு வரி போதும்.

கடைசியாகக் கப்பல் பிஸ்கட். ஆங்கிலேயக் கடற்படையில் ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு, ஏறக்குறைய 450 கிராம், கொடுத்தார்கள். மைதா 300 கிராம், உப்பு ஒரு டீஸ்பூன், தண்ணீர் 150 மில்லி. எண்ணெய் வேண்டாம், எண்ணெய் இருந்தால் நாள்பட்டுக் காறிப்போகும். தண்ணீரை மொத்தமாக ஊற்றாமல், சப்பாத்தி மாவைவிடக் கெட்டியாகப் பிசையுங்கள். அரை மணி ஊறியதும் ஒரு சென்டிமீட்டர் கனத்துக்குத் தேய்த்துச் சதுரமாக வெட்டி, ஒவ்வொன்றிலும் பதினாறு துளை, அடிவரை. துளை மேலோட்டமாக இருந்தால் நீராவி வெளியேற வழியில்லாமல் பூரிபோல உப்பி, உள்ளே ஈரம் தங்கிவிடும். அந்த ஈரத்தில்தான் பூஞ்சை வரும். ஓவனில் 190 டிகிரி செல்சியஸில் பக்கத்துக்கு அரை மணி நேரம், பிறகு ஓவனை நிறுத்தி அதற்குள்ளேயே ஆறவிடுங்கள். நம் கடற்கரைக் காற்றில் திறந்து வைத்தால் மழைக்காலத்தில் சீக்கிரமே நமத்துவிடும். இறுக மூடும் டப்பா வேண்டும். அப்படியே கடிக்கக் கொடுக்காதீர்கள், பால்பல் ஆடும் வயதில் நிச்சயமாக வேண்டாம். மாலுமிகளும் ஊறவைத்தே தின்றார்கள். சூடான டீயில் நன்றாக ஊறட்டும்.